கடைசியில் வைத்த தாள்

சுகாதார நிலையம், வெளி பெஞ்சு
செவ்வாய்க்கிழமை மாலை

அன்புள்ள அம்மாவுக்கு,

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். எதையும் கூட்டிச் சொல்ல மாட்டேன், எதையும் விட்டுவிடவும் மாட்டேன். பயிற்சிக்குப் போன இடத்திலிருந்து நீ அனுப்பிய அட்டையில், எல்லாரும் நலம் என்று இரண்டு வரி எழுதினால் போதும் என்றிருந்தாய். ஒரு பக்கக் கட்டுரை கேட்டால் நாலு பக்கம் எழுதுகிறவளிடம் இரண்டு வரி கேட்கலாமா? கடிதத்தில் பெரியவர்களை 'நீங்கள்' என்றுதான் எழுத வேண்டும் என்று தமிழ் டீச்சர் சொல்கிறார். அப்படி ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். மின்சார அலுவலகத்துக்கு விண்ணப்பம் போட்டது போல இருந்தது. கிழித்துவிட்டு 'நீ' என்றே எழுதுகிறேன்.

முதலில் வீடு. அப்பா தண்ணீர் லாரியைக் காலை ஐந்து மணிக்கே எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். அதற்கு முன்னால் எனக்குச் சமைத்து வைக்கிறார். முதல் மூன்று நாளும் எல்லாவற்றிலும் உப்பு இரண்டு மடங்கு. நான் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டேன். மூன்றாம் நாள் அவரே ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு, "ஏன்டி, வாயத் தொறந்து சொல்ல மாட்டியா, இதத் தின்னுட்டா ஸ்கூலுக்குப் போன?" என்று கேட்டார். அம்மா வரும்வரை குறை சொல்லக் கூடாது என்று முடிவு செய்திருக்கிறேன் என்றேன். அவர் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினார். வெகுநேரம் கழுவினார்.

பள்ளி விட்டதும் வழக்கம் போல இங்கேதான் வருகிறேன். வீட்டில் தனியாக இருக்க வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார். உன் இடத்தில் வந்திருக்கும் புது சிஸ்டர் மிகவும் சின்னவர். ஊசி போடும்போது அவர் திணறுவதை ஆயாம்மா கவனித்துவிட்டார். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, "உங்கம்மா போட்டா, போட்டாங்களா இல்லையான்னு புள்ளைங்க யோசிக்கும். இது ஊசிய எடுக்கும்போதே அழுதுடுதுங்க. புள்ளைங்களச் சொல்லல, சிஸ்டரச் சொல்றேன்" என்றார். அதைக் கேட்டு நான் சிரித்துவிட்டேன். பிறகு, சிரித்ததற்காக எனக்கே என் மேல் கோபம் வந்தது.

புது சிஸ்டர் நல்லவர்தான். நீலக் கோப்பைத் திரும்ப நீ சொல்லி அனுப்பிய முறைப்படியே அடுக்கிவிட்டார்.

அம்மா, அந்தக் கோப்பைப் பற்றி எழுதாதே என்றுதான் நீ அட்டையில் இரண்டு முறை அடிக்கோடிட்டிருக்கிறாய். ஆனால் அதைத் தவிர என் மனதில் வேறொன்றுமே இல்லை. அதனால் ஒரே ஒரு முறை, வரிசையாக எழுதிவிடுகிறேன்.

தலைமை அலுவலகத்திலிருந்து வாராவாரம் மஞ்சள் தாள் வரும். எந்த நோய் பரவுகிறது, எந்த மருந்து மாறியிருக்கிறது, யாரைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்று அதில் இருக்கும். நீ அதை நீலக் கோப்பில் நோய்வாரியாகச் சேர்ப்பாய். புதிதாக வந்தது எப்போதும் மேலே. கோப்பைத் திறந்ததும் முதலில் எது கண்ணில் படுகிறதோ அதுதான் இன்றைய நிலவரம். இந்த வழக்கம் எங்கும் எழுதி வைக்கப்படவில்லை, உன் கைக்குத்தான் தெரியும். நீ பள்ளிப் பள்ளியாகத் தடுப்பூசி போடப் போன அந்த மூன்று வாரமும் மஞ்சள் தாள்கள் மேஜை இழுப்பறைக்குள் சேர்ந்துகொண்டே இருந்தன. என் விடுமுறையில், "ஓட்ட போட்டுக் கோத்து வையேன், கண்ணு" என்று என்னிடம் கொடுத்தாய்.

கோப்பைத் திறந்து பார்த்தேன். கடைசித் தேதி முதலிலும் முதல் தேதி கடைசியிலும் இருந்தன. யாரோ புத்தகத்தைப் பின்பக்கமிருந்து தைத்துவிட்டது போல எனக்குத் தோன்றியது. இரண்டு மதியம் உட்கார்ந்து எல்லாவற்றையும் பிரித்து, ஒழுங்காக, பழையது முதலிலும் புதியது கடைசியிலுமாக அடுக்கினேன். கலர் பென்சிலால் பொருளடக்கம் வேறு எழுதினேன். நீ அதைப் பார்த்து, "எங்க வீட்டு லைப்ரரியன்" என்று என் தலையில் தட்டினாய். வரிசை மாறியிருப்பதை நீயும் கவனிக்கவில்லை, நானும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்றே எனக்குத் தோன்றவில்லை.

நாலு நாள் கழித்துத் தையல் அத்தை காய்ச்சலோடு கிடந்த மகள் சிட்டுவைத் தூக்கிக்கொண்டு வந்தார். அன்று டாக்டர் வரவில்லை. வரிசையில் நாற்பதுக்கு மேல் ஆட்கள். நீ கோப்பைத் திறந்தாய். காய்ச்சல் பகுதியில் மேலே இருந்த தாளில், மூன்று நாள் வீட்டில் வைத்துப் பார்க்கலாம் என்று இருந்தது. அப்படியே சொல்லி அனுப்பினாய். கடைசியில் இருந்த தாளில், காய்ச்சலோடு தூங்கி வழிகிற குழந்தையை அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பு என்று இருந்தது. மூன்றாம் நாள் சிட்டுவைப் பெரிய மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். உயிர் பிழைத்துவிட்டாள். காது போய்விட்டது.

இவ்வளவுதான். எழுதி முடித்துவிட்டேன்.

விசாரணைக்கு ஒரு அதிகாரி அம்மா வரப்போகிறாராம், அடுத்த மாதம் இரண்டாம் வெள்ளி. உன்னைத் திரும்ப இங்கே அனுப்புவார்களா, இல்லை வேலையை விட்டே எடுத்துவிடுவார்களா என்பது அதற்குப் பிறகுதான் தெரியும் என்று மாத்திரை கொடுக்கும் மாமா சொன்னார். கோப்பை நீயே அடுக்கியதாக எழுதிக் கொடுத்திருக்கிறாய் என்றும் சொன்னார். அதை அவர் மிகவும் சாதாரணமாகச் சொன்னார். நான் தலையை நிமிர்த்தவில்லை.

அங்கே குளிர் அதிகமா? சாம்பல் நிறக் கம்பளி பெட்டியின் அடியில் இருக்கிறது, நான்தான் வைத்தேன். எடுத்துப் போர்த்திக்கொள்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
லைப்ரரியன் (இனிமேல் என்னை அப்படிக் கூப்பிடாதே)

*

சுகாதார நிலையம், அதே பெஞ்சு
வியாழக்கிழமை

அன்புள்ள அம்மா,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. மூன்று முறை படித்தேன். பயிற்சி வகுப்பில் ரப்பர் பொம்மையை வைத்து மூச்சு திரும்ப வரவைப்பது எப்படி என்று சொல்லிக் கொடுப்பதாக எழுதியிருந்தாய். பதினெட்டு வருஷம் உயிருள்ள குழந்தைகளைத் தூக்கியவளுக்குப் பொம்மையைத் தூக்க மதிப்பெண் போடுகிறார்களே என்று அப்பாவுக்குக் கோபம். "உங்கம்மா எத்தன மார்க் வாங்கினாளாம்?" என்று மட்டும் கேட்டார். பத்துக்கு ஒன்பது என்றேன். "அந்த ஒன்ன எதுக்குக் கொறச்சானுங்க" என்று சொல்லிக்கொண்டே லாரி டயரை எட்டி உதைத்தார்.

கடிதத்தின் முடிவில், "நேற்று வகுப்பில் ஒரு நிகழ்வைப் பற்றிப் பேசினார்கள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன்" என்று எழுதியிருந்தாய். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை, நேராகக் கையெழுத்து. என்ன நிகழ்வு என்று திங்கட்கிழமை எனக்குப் புரியவில்லை. செவ்வாய்க்கிழமை புரிந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை மஞ்சள் தாள் வந்தது. புது சிஸ்டர் ஊசி போட்டுக்கொண்டிருந்ததால் தாள் மேஜை மேலேயே கிடந்தது. அச்சடித்த எதையும் படிக்காமல் விடுகிற பழக்கம் எனக்கு இல்லை. கோப்பைத் தொடுவதில்லை என்று சத்தியம் செய்திருக்கிறேன், ஆனால் இது இன்னும் கோப்புக்குள் போகவில்லை. பின்பக்கத்தில் 'பயிற்சிக்கான நிகழ்வு' என்று தலைப்புப் போட்டிருந்தது. அப்படியே எழுதுகிறேன்:

"ஒரு சுகாதார நிலையத்தில் நான்கு வயதுப் பெண் குழந்தை காய்ச்சலுடனும் மயக்கத்துடனும் கொண்டுவரப்பட்டது. பழைய அறிவுரையின்படி வீட்டுக்கு அனுப்பப்பட்டது. புதிய அறிவுரை கோப்பில் இருந்தும் ஊழியர் அதைப் பார்க்கவில்லை. விளைவு: நிரந்தரமான கேள்திறன் இழப்பு. விவாதிக்க: ஊழியர் எங்கே தவறினார்?"

கேள்விக்குக் கீழே விடை எழுத மூன்று கோடுகள்.

நம் ஊர்ப் பெயர் இல்லை. உன் பெயர் இல்லை. சிட்டு பெயரும் இல்லை. எல்லா நிலையத்துக்கும் இந்தத் தாள் போயிருக்கும். எல்லா சிஸ்டரும் அந்த மூன்று கோட்டையும் நிரப்பியிருப்பார்கள். அங்கே வகுப்பில் நாற்பது பேர் ஒவ்வொருவராக எழுந்து நீ எங்கே தவறினாய் என்று சொல்லச் சொல்ல, நீ கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாய். உன்னையும் கேட்டார்களா, அம்மா? நீ எழுந்து என்ன சொன்னாய்?

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. கேள்வி இருந்தால் விடை எழுதியாக வேண்டும் எனக்கு, அது உனக்கே தெரியும். பென்சிலை எடுத்து, "ஊழியர் தவறவில்லை. ஊழியரின் மகள் தவறினாள்" என்று எழுதினேன். எழுதியதும் பயம் வந்துவிட்டது. உடனே அழித்தேன். நான் எப்போதும் அழுத்தி எழுதுகிறவள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பள்ளம் தெரிகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தையல் அத்தை வீட்டுக்குப் போனேன்.

வேண்டுமென்று போகவில்லை. சீருடைப் பாவாடையின் ஓரம் பிரிந்துவிட்டது. அப்பா அதைக் கடைத்தெரு தையல்காரரிடம் கொடுக்கச் சொன்னார். கடைத்தெருவுக்குப் போகிற வழியில் என் கால் அத்தை வீட்டு வாசலில் நின்றுவிட்டது. உள்ளே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அத்தை என்னைப் பார்த்தார், மிஷினை நிறுத்தவில்லை. கையை நீட்டினார். பாவாடையைக் கொடுத்தேன்.

முன்பு அந்த மிஷின் நின்றால் சிட்டு தூக்கத்திலிருந்து எழுந்து அழுவாள், நினைவிருக்கிறதா? அதனால்தான் அத்தை துணி இல்லாதபோதும் வெறும் மிஷினை மிதித்துக்கொண்டிருப்பார் என்று நீ சிரித்துக்கொண்டே சொல்வாய். இப்போது சிட்டு மிஷினுக்குப் பக்கத்திலேயே நிற்கிறாள். உள்ளங்கையை மிஷின் பலகை மேல் விரித்து வைத்திருக்கிறாள். மிஷின் ஓடினால் சிரிக்கிறாள். நின்றால் கையை எடுத்துப் பார்க்கிறாள், கையில் ஏதோ கெட்டுப்போனது போல. நான் பின்னால் நின்று பழக்கத்தில் "சிட்டு" என்று கூப்பிட்டேன். அவள் திரும்பவில்லை. அத்தைதான் திரும்பினார்.

அத்தை என்ன சொன்னார் என்பதையும் எழுதுகிறேன். "உங்கம்மா மேல எனக்குக் கோவம் இல்லன்னு சொன்னா அது பொய்யி. என் பிரசவத்துக்கு ராத்திரி பூரா என் கையப் புடிச்சிக்கிட்டு நின்னவ அவதான், அதையும் நான் மறக்கல. ரெண்டும் ஒரே நெஞ்சுக்குள்ள கெடக்கு, அதான் தூக்கம் வரல" என்றார். பிறகு, "அவ ஒரு வார்த்த வந்து சொல்லலியே பாப்பா, அதுதான். பேப்பர்ல எழுதிக் குடுத்தாளாம். எங்கிட்ட சொல்லாம ஆபீஸ்ல சொன்னா, எனக்கு எப்படிக் கேக்கும்?" என்றார்.

உன்னை உடனே கிளம்பச் சொல்லிவிட்டார்கள், வீட்டுக்கு வந்து பெட்டி கட்டத்தான் நேரமிருந்தது என்று சொன்னேன். அது பாதி உண்மைதான், அம்மா. நீ அவர்கள் தெரு வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு போனதை நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். அதைச் சொல்லவில்லை. என்னைப் பற்றியும் சொல்லவில்லை. வாய் வரைக்கும் வந்தது. அத்தை பல்லால் நூலை அறுத்து, பாவாடையைத் தந்து, "காசு வேணாம், போ" என்றார்.

கோப்பைப் பற்றி மூச்சு விடாதே என்று இந்தக் கடிதத்திலும் எழுதியிருக்கிறாய். மூச்சு விடவில்லை. ஆனால் விடாமலே இருந்தால் என்ன ஆகும் என்று உங்கள் பாடத்தில் இல்லையா?

உன் மகள்

*

சுகாதார நிலையம்
வெள்ளிக்கிழமை, பூட்டும் நேரம்

அன்புள்ள அம்மா,

நான் சொல்லிவிட்டேன்.

நீ இதைப் படித்ததும் உட்கார்ந்துவிடுவாய் என்று தெரியும். உட்கார்ந்தே படி.

விசாரணை அம்மா காலையிலேயே வந்துவிட்டாராம். நான் பள்ளியிலிருந்து வந்தபோது அவர் உன் மேஜையில் இருந்தார். உயரமானவர், மூக்குக் கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். நீலக் கோப்பு அவர் முன்னால் திறந்திருந்தது. புது சிஸ்டர் சுவரோடு ஒட்டி நின்றார். ஆயாம்மா ஏற்கனவே துடைத்த தரையை மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார். நான் பெஞ்சில் உட்கார்ந்து கணக்கு நோட்டைத் திறந்துகொண்டேன். ஒரு கணக்கும் போடவில்லை.

அவர் ஒவ்வொரு தாளாகப் புரட்டிக்கொண்டே வந்தார். அந்த நிகழ்வுத் தாள் வந்ததும் நிறுத்தினார். ஜன்னல் பக்கம் தூக்கிச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இது யார் எழுத்து?" என்று கேட்டார். புது சிஸ்டர் தனக்குத் தெரியாது என்றார், உண்மையாகவே அவருக்குத் தெரியாது. ஆயாம்மா துடைப்பதை நிறுத்திவிட்டு, "எனக்கு எழுதவே தெரியாதும்மா, என்னப் பாக்காதீங்க" என்றார். ஆயாம்மாவுக்கு எழுதத் தெரியும். எனக்காகத்தான் அந்தப் பொய்.

நான் எழுந்து, என் எழுத்து என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு மதியம், ஓட்டை போடும் மிஷின், பொருளடக்கம், பழையது முதலில், புதியது கடைசியில். அவர் குறுக்கே ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. நான் முடித்ததும் பேனாவை மூடி வைத்தார். "உங்கம்மா தானே அடுக்கினதா எழுதிக் குடுத்திருக்காங்க. நீ சொல்றத நான் எழுதினா அந்தத் தப்பு அவங்க மேலேர்ந்து போயிடாது. இன்னும் ஒன்னு சேரும். ஆபீஸ் ஃபைல வெளியாள் கையில குடுத்தது. பொய்யா எழுதிக் குடுத்தது வேற. யோசிச்சுச் சொல்லு. எழுதட்டுமா, வேண்டாமா?" என்று கேட்டார். அதட்டவில்லை, அம்மா. மிகவும் மெதுவாகத்தான் கேட்டார். அதட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கதைகளில் உண்மை சொன்னவுடன் ஏதாவது ஒரு கதவு திறக்கும். எனக்கு முன்னால் உன் மேஜைதான் இருந்தது. மூலையில் நீ ஒட்டிய கை கழுவும் படம், பாதி கிழிந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். உனக்கு நல்லது எது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு வார்த்தை வந்து சொல்லவில்லையே என்று தையல் அத்தை சொன்னதுதான் காதில் இருந்தது. எழுதுங்கள் என்றேன்.

அவர் எழுதினார். ஒன்றரைப் பக்கம். முடிவு ஒரு மாதத்தில் வரும் என்றார். போகும்போது புது சிஸ்டரிடம், இனிமேல் புதுத் தாள் வந்தால் பழைய தாளைக் கோப்பிலிருந்து எடுத்துவிட வேண்டும், வரிசை என்ற பேச்சே இருக்கக் கூடாது என்றார். ஒரு நோய்க்கு ஒரே தாள். அவ்வளவு எளிதாக இருந்திருக்கிறது, அம்மா. இதை யாராவது முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.

உனக்கு நான் கெடுதல் செய்துவிட்டேனோ என்று தெரியவில்லை. ஆனால் இன்னும் முடியவில்லை, மீதியையும் கேள்.

அங்கிருந்து நேராகத் தையல் அத்தை வீட்டுக்குப் போனேன். இந்த முறை கால் தானாகப் போய் நிற்கவில்லை, நானேதான் போனேன். வாசலிலேயே நின்று, கோப்பின் வரிசையை மாற்றியது நான்தான், அம்மா இல்லை என்றேன். மிஷின் நின்றது. சிட்டு பலகையிலிருந்து கையை எடுத்து உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டாள்.

அத்தை ஊசியிலிருந்த நூலைக் கழற்றினார், மறுபடி கோத்தார். முகத்தை நிமிர்த்தாமலே, "எங்கிட்ட எதுக்கு சொல்ற. காது போனது எனக்கா? போ, அவகிட்ட போயி சொல்லு" என்றார். சொல்லிவிட்டு முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு உள் அறைக்குப் போய்விட்டார்.

நான் போய்ச் சிட்டுவின் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். அவளிடம் சொன்னேன். கோப்பின் கதையை முதலிலிருந்து சொன்னேன். அதோடு, விசாரணை அம்மாவிடமும் அத்தையிடமும் சொல்லாத ஒன்றையும் சொன்னேன். அதை இப்போது உனக்கும் எழுதுகிறேன். முதல் கடிதத்தில் எதையும் விட மாட்டேன் என்று எழுதிவிட்டு இதை விட்டிருந்தேன்.

அம்மா, ஓட்டை போடும்போது அந்தப் புதிய தாளை நான் படித்தேன். முழுதாகப் படித்தேன். உனக்குப் படிக்க நேரமில்லை, டாக்டர் வரவில்லை, மாமா மருந்துப் பட்டியலை மட்டும்தான் பார்ப்பார். அந்தத் தாளை இந்த ஊரில் படித்த ஒரே ஆள் நான்தான். 'தூங்கி வழிகிற' என்ற சொற்கள் அழகாக இருக்கின்றன என்றுகூட நினைத்தேன். கட்டுரையில் எங்காவது போட வேண்டும் என்று நோட்டின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொண்டேன்.

அத்தை சிட்டுவைத் தூக்கி வந்தபோது நான் இதே பெஞ்சில்தான் இருந்தேன். சிட்டுவின் தலை அத்தையின் தோளில் ஆடிக்கொண்டிருந்தது. வாய் திறந்திருந்தது, கை தொங்கியது. எப்போதும் என் பென்சிலைப் பிடுங்க வருகிறவள் என்னைப் பார்க்கவேயில்லை. நான் அதைப் பார்த்தேன். பாவம், தூக்கம் வருகிறது போல என்று நினைத்தேன். நினைத்துவிட்டு வரலாற்றுப் பாடத்தைத் திரும்பப் படித்தேன். என் நோட்டின் ஓரத்திலேயே அந்தச் சொற்கள் இருந்தன. எழுந்து பத்தடி நடந்து வந்து உன் காதில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் படித்ததும் பார்த்ததும் தனித்தனியாகவே இருந்தன, அம்மா. இரண்டையும் சேர்க்க எனக்குத் தெரியவில்லை.

இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல, சிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை நீட்டி உள்ளங்கையை என் தொண்டையில் வைத்தாள், மிஷின் பலகையில் வைக்கிற மாதிரியே. நான் பேசப் பேச அது அவள் கையில் அதிர்ந்திருக்க வேண்டும். சிரித்தாள். நான் நிறுத்தினால் தொண்டையைத் தட்டினாள், இன்னும் பேசு என்று. சொல்ல வேண்டியதெல்லாம் தீர்ந்த பிறகும் அவள் தட்டிக்கொண்டே இருந்தாள். அதனால் வாய்ப்பாடு சொன்னேன். பதினாறாம் வாய்ப்பாடு வரை.

திரும்பிப் பார்த்தபோது அத்தை உள் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார், எதையெல்லாம் கேட்டார் என்று தெரியாது. "நாளைக்கும் வா" என்றார். கோபமாகத்தான் சொன்னார். மன்னித்துவிட்டார் என்று நினைத்துக்கொள்ளாதே, நானும் நினைக்கவில்லை. "அவகிட்ட யாரும் பேசறதில்ல. நானே பேசறதில்ல" என்றார்.

நாளைக்குப் போவேன். அதற்கு அடுத்த நாளும் போவேன்.

அப்பாவிடம் இன்று இரவு சொல்ல வேண்டும். உனக்கு எழுதிய பிறகு சொல்லலாம் என்று வைத்திருக்கிறேன்.

அம்மா, அவர்கள் உன்னை வேலையை விட்டு எடுத்தால் என் மேல் கோபப்படு. நேரில் வந்து கோபப்படு, கடிதத்தில் வேண்டாம். எடுக்காவிட்டாலும் வா. நிலையத்துக்கு முன்னால், வீட்டுக்கும் முன்னால், சுற்றிக்கொண்டு போகாமல், அந்தத் தெரு வழியாகவே வா. நான் முனையில் நிற்கிறேன். சேர்ந்து போகலாம். நீ என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியாது, எந்தத் தாளிலும் அது இல்லை. சிட்டு உன் தொண்டையில் கை வைப்பாள். அப்போது பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

கம்பளியைப் போர்த்திக்கொள். உடம்பைப் பார்த்துக்கொள். உன்னைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது.

இன்னும் எழுத வேண்டும், ஆனால் ஆயாம்மா சாவியோடு வந்து நிற்கிறார். "நாளைக்கு எழுது கண்ணு, எழுத்து எங்க ஓடிடப் போவுது" என்கிறார். மருந்து அறை விளக்கு போய்விட்டது, ஊசி அறையும். என் தலைக்கு மேல் ஒன்றுதான் மிச்சம். இந்த வரியை எழுதும்போது அதையும் அணைத்துவிட்டார்.